ஆய்வுத் தலைப்பைத் தேடலும் வரையறுத்தலும் – இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை முன்னிறுத்தி

தோற்றுவாய்

முதுகலை இரண்டாம் ஆண்டின் இறுதிப் பருவம் நெருங்குங்கால், தமிழ்த்துறை அறையின் வாயிலில் வந்து நிற்கும் மாணவர்தம் நாவில் ஒரு வேண்டுகோள் தவறாமல் இருக்கும். "ஐயா, எனக்கொரு தலைப்புக் கொடுங்கள்" என்பதே அது. கடையில் பொருள் கேட்பாரைப் போல அவர்கள் கேட்பதும், அலமாரியிலிருந்து எடுத்து நீட்டும் வணிகரைப் போல ஆசிரியர்களாகிய நாங்கள் கொடுப்பதும் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. ஒரு புலவர் பெயர், அதன்பின் ஏழாம் வேற்றுமை உருபு, அதன்பின் 'சமுதாயச் சிந்தனைகள்' அல்லது 'பண்பாட்டுக் கூறுகள்'. அரை மணித்துளியில் தலைப்பு அமைந்துவிடுகிறது. அதனைச் சுமந்து திரியும் காலம்தான் நீண்டது.

இக்குறையைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னுடைய ஆய்வியல் நிறைஞர் ஆய்வேட்டின் தலைப்பு 'இஸ்லாமியத் தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் சமுதாயச் சிந்தனைகள்' என்பதாகும். மாலைகள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள் எனக் கைக்குக் கிட்டியவற்றையெல்லாம் படித்தேன். ஈகை, கல்வி, பெரியோரைப் போற்றல், ஒற்றுமை எனப் பகுத்து இயல்கள் அமைத்தேன். வாய்மொழித் தேர்வில் புறநிலைத் தேர்வாளர் ஏட்டை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு வினாத் தொடுத்தார்: "இந்நூல்களைப் படிக்காமலே ஒருவர் எழுதியிருக்கக்கூடிய முடிவு எது? இவற்றைப் படித்ததனால் மட்டுமே உம்மால் எழுத முடிந்த முடிவு எது?" முன்னதற்கு என் ஏட்டில் பக்கந்தோறும் சான்று இருந்தது. பின்னதற்கு ஒன்றையும் எடுத்துக்காட்ட இயலாமல் நின்றேன். பட்டம் கிடைத்தது. ஆயினும் அவ்வினா இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் அத்தகைய பிழைக்கு ஓர் இடமிருந்தது. ஓராண்டு ஆய்வியல் நிறைஞர் படிப்பில் இடறி விழுந்தவர், முனைவர் பட்ட ஆய்வில் எழுந்து நிற்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படிப்பை நிறுத்திவிட்டன. இன்று முதுகலை முடித்த மாணவர் நேரே முனைவர் பட்ட ஆய்விற்குள் நுழைகின்றார். அதற்குரிய காலம் குறைந்தது 3 ஆண்டு. மிகுதியாக 6 ஆண்டு. தவறான தலைப்பொன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டால் இளமையின் செம்பாதி அதன்கீழ்க் கழிந்துவிடும். ஆதலின் தலைப்பைத் தேடும் பயிற்சியை முதுகலை வகுப்பிலேயே தொடங்குவது இன்றியமையாததாகின்றது.

களம் வேறு, வினா வேறு

'சீறாப்புராணம் – ஓர் ஆய்வு' என்பது தலைப்பன்று. ஓர் ஊரின் பெயர்ப்பலகை. ஊருக்குள் எந்தத் தெருவில், எவரைக் காண, எதன்பொருட்டுச் செல்கிறோம் என்பதனை அது உணர்த்தாது. ஆய்வாளர் உழைக்கும் பரப்பைக் களம் எனலாம். அக்களத்தில் அவர் விடை காண முயலும் ஒன்றை ஆய்வுச் சிக்கல் என்றும் ஆய்வு வினா என்றும் கூறுவர். களத்தைப் பெரும்பாலோர் எளிதில் தேர்ந்துகொள்கின்றனர். வினாவைத்தான் தேட வேண்டியுள்ளது.

இங்ஙனம் கூறுங்கால், "பரந்த தலைப்பில் செய்யப்பட்ட பேராய்வுகள் இல்லையா?" எனச் சிலர் வினவுவர். உண்டு. இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ் அவர்களின் முதுகலை ஆய்வு, தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு முழுமையையும் பொருளாகக் கொண்டது. அது 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதனினும் பரந்த பொருளை எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆனால் அவர் எழுதிய காலத்தில் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் உமறுப்புலவர்க்குச் சில வரிகளும், குணங்குடி மஸ்தான் சாகிபுக்குச் சில வரிகளுமே இடம்பெற்றிருந்தன. எத்தனை காப்பியங்கள் உள்ளன, கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனும் வகைகள் யாவை என்பன தொகுத்து அறியப்படாதிருந்தன. "என்ன இருக்கின்றது?" என்பதே அன்று கேட்கத்தக்க வினாவாக இருந்தது. அவ்வினாவிற்கு அகன்ற தலைப்பே பொருந்தும். பின்னர் 1973இல் திருச்சிராப்பள்ளியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாகப் பல மாநாடுகள் நிகழ்ந்து மலர்களும் கட்டுரைக் கோவைகளும் வெளிவந்தன. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினர். நாட்டின் படம் வரையப்பட்டுவிட்டது. படம் வரைந்தவரைப் போலவே நாமும் மலையுச்சியில் ஏறி நின்று, அவர் குறித்த மலைகளையும் ஆறுகளையும் மீண்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு தலைப்பின் அகலம் சரியா, தவறா என்பது அத்துறை வளர்ந்துள்ள நிலையைப் பொறுத்தது. இவ்வுண்மையை உணராமல் முன்னோரின் தலைப்புகளின் அகலத்தை மட்டும் பின்பற்றுவதே நம் துறையில் காணப்பெறும் பெருங்குறை என்பது என் கருத்து.

பரந்த களத்தில் நின்றும் கூர்மையான வினாவை எழுப்பலாம் என்பதற்குப் பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வு சிறந்த சான்றாகும். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் புலமை மிக்க ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் செய்யப்பெற்று 1968இல் நூலாகிய அவ்வாய்வின் களம் சங்க இலக்கியம். அதற்குள் அவர் கண்ட வினா, பாணரும் புலவரும் வாழ்ந்த ஒரு வீரயுகத்தில் இப்பாடல்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் அடைமொழிகளும் அவருக்கு வாய்மொழி ஆக்கத்தின் தடயங்களாகத் தோன்றின. கிரேக்க வீரப்பாடல்களோடு அவற்றை ஒப்பிட்டார். அவர் முடிவுகளை மறுத்து எழுதியோரும் உளர். மறுக்கத்தக்க ஒரு கருத்தை அவ்வாய்வு முன்வைத்தமையாலன்றோ அது நிகழ்ந்தது! என் பழைய ஆய்வேட்டை எவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஒரு மாணவியின் ஐயம்

வினா எங்கிருந்து பிறக்கும் என்று கேட்பார்க்கு, படிக்கும்போது நம்மைத் தடுத்து நிறுத்திய இடத்திலிருந்து பிறக்கும் என்பதே என் விடை. இதனை ஒரு நிகழ்ச்சி கொண்டு விளக்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி சீறாப்புராணத்தில் ஆய்வு செய்ய விரும்பி வந்தார். மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5,000க்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தில் எப்பகுதி என்றேன். "தாங்களே சொல்லுங்கள் ஐயா" என்றார். தலைப்புத் தர மறுத்து, படிக்கையில் எங்கேனும் வியப்போ ஐயமோ எழுந்ததா என்று கேட்டேன். சற்றுத் தயங்கியபின் அவர் கூறியது இது: "நாட்டுப் படலத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது ஐயா. அரபு நாட்டில் அவ்வளவு வெள்ளமும் வயலும் எங்கிருந்து வந்தன? என் அத்தா பன்னிரண்டு ஆண்டுகள் சவூதியில் இருந்தவர்கள். மணலையும் வெயிலையும் தவிர வேறெதையும் அவர்கள் சொன்னதில்லை."

இதற்கு வகுப்பறையில் நாம் வழக்கமாகத் தரும் விடை ஒன்றுண்டு. நாட்டு வளம், நகர வளம் பாடுதல் தமிழ்க் காப்பிய மரபு; கம்பர் கோசலத்தைப் பாடியதுபோல் உமறுப்புலவர் அரபு நாட்டை மருதமாக்கிப் பாடினார்; இது தமிழ்ப் பண்பாட்டின் தாக்கம் என்பதே அவ்விடை. அது தவறன்று. பல கட்டுரைகளில் எழுதப்பட்டும் இருக்கின்றது. ஆனால் அது கதவைத் திறக்காமல் சாத்திவிடும் விடை. ஆதலின் அதனைச் சொல்லாமல், விலாதத்துக் காண்டம் முழுவதையும் நிலக்காட்சிகளை மட்டும் நோக்கிப் படித்து வருமாறு அனுப்பினேன்.

இரு வாரங்கழித்து அவர் கொணர்ந்த குறிப்பேட்டில் ஒரு புதிய செய்தி இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகக் கூட்டத்துடன் சாம் நாட்டிற்குச் செல்லும் பகுதி பாதை போந்த படலத்தில் தொடங்குகின்றது. அடுத்து வருவது சுரத்திற் புனலழைத்த படலம். அங்கே அரபு நாடு மருதமாக இல்லை. நீரற்ற கொடுஞ்சுரமாகவே இருக்கின்றது. எனவே, புலவர் பாலைநிலத்தை அறியாதவரல்லர். ஒரே காண்டத்தில், ஒரே நாட்டை, ஒரே புலவர் இருவேறு வகையாகப் பாடுகின்றார். ஏன்?

மாணவியின் சிரிப்பு இப்போது வினாவாகிவிட்டது. வினா பிறந்ததும் எல்லையும் தானே அமையத் தொடங்கியதை அவர் கண்டார். 92 படலங்களும் வேண்டியதில்லை. விலாதத்துக் காண்டத்தின் 24 படலங்களுள்ளும் நாட்டுப் படலமும் நகரப் படலமும் ஒரு பக்கம். பாதை போந்த படலம் முதல் சாமு நகர் புக்க படலம் ஈறாகவுள்ள பயணப் பகுதி மறுபக்கம். இவை முதன்மை ஆதாரம். மற்றவை துணைமை ஆதாரம்.

அடுத்தது கருதுகோள். அற்புதத்தைப் பாடவேண்டிய கதைத்தேவையே புலவரைச் சுரத்தைச் சுரமாகப் பாட வைத்தது என்று அவர் எழுதினார். நீர் பெருகிய அற்புதம் வறண்ட நிலத்தில்தானே பொருள்படும்? வயல்கள் சூழ்ந்த நாட்டில் அதற்கு வேலையில்லை. இக்கருதுகோள் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தமையாலேயே அதனை உடைக்கக்கூடிய சான்று எதுவாக இருக்கும் என்று கேட்டேன். கருதுகோள் வகுப்போர் இவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். மூன்று நாள் எண்ணிப் பார்த்து அவர் சொன்ன விடை, இரண்டு பக்கங்களுக்கு முன் நான் குறிப்பிட்ட தேர்வாளரையும் மகிழ்வித்திருக்கும். சுரத்தைப் பாடுகையில் உமறுப்புலவர் கையாளும் மரங்கள், விலங்குகள், வெப்பத்தைக் குறிக்கும் சொற்கள், உவமைகள் ஆகிய அனைத்தையும் தொகுக்க வேண்டும். அவற்றைச் சங்கப் பாலைப் பாடல்களோடும் கலிங்கத்துப்பரணியின் காடு பாடிய பகுதியோடும் வைத்து ஒப்பிட வேண்டும். அவை யாவும் முன்னைத் தமிழ்நூல்களில் உள்ளவையே எனின், புலவர் சுரத்தையும் தமிழ் மரபின் கண்ணாடி வழியேதான் கண்டார் என்றாகும். அந்நிலையில், அங்கே மரபு இங்கே நடப்பியல் என்ற பாகுபாடு நில்லாது. மருதமும் மரபே, பாலையும் மரபே. அவ்வாறன்றித் தமிழில் முன்பு காணப்படாத செய்திகள் சில கிடைக்குமாயின், அவை எங்கிருந்து வந்தன என்பது அடுத்த வினா. சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் நபிகள் நாயகத்தின் வரலாற்றுச் செய்திகளைக் கேட்டறியப் புலவர் முயன்றதாக வழங்கும் மரபுவழிச் செய்தியும், காயல், கீழக்கரை வணிகரின் கடல்வழித் தொடர்பும் அங்கே ஆராயத்தக்கனவாகும்.

எம்முடிவு கிடைப்பினும் அது ஆய்வே. படிக்காமலே எழுதிவிடக்கூடிய முடிவு இரண்டுமல்ல. இவையெல்லாம் அமைந்த பிறகே 'சீறாப்புராண விலாதத்துக் காண்டத்தில் நிலக்காட்சி: மருத வருணனையும் சுரப் பயணமும்' எனத் தலைப்பு எழுதப்பட்டது. முதல்நாள் அவர் கேட்டு வந்தது அதுவே. கிடைத்தது ஏறக்குறைய இரண்டு திங்கள் கழித்து.

முன்னாய்வைத் தேடல்

வினா அமைந்ததும் அதனை முன்பே எவரேனும் ஆராய்ந்துளரா என்று காணல் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் சேர்க்கப்பட்டு வருகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பல உள்ளன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் ஆகியவற்றை நேரிற் சென்று காண்பது இன்றும் தேவையாகும்.

இத்துறையில் தேடுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அரபுப் பெயர்கள் தமிழில் ஒரே வகையாக எழுதப்படுவதில்லை. முகம்மது, முகமது, முஹம்மத் என ஒருவர் பெயரே நூற்பட்டியலில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். மிகுறாசு, மிஃறாஜ், மிஹ்ராஜ் என்பன ஒரே சொல்லின் வடிவங்கள் என்பது பட்டியல் தொகுத்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. முகியித்தீன், முகைதீன், முஹ்யித்தீன் என்பனவும் அன்னவே. ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதிய பட்டியல்களில் குழப்பம் இரட்டிப்பாகும். 'அந்நூல் இல்லை' என்று நூலகத்திலிருந்து திரும்பிய மாணவர் ஒருவரை, வேறோர் எழுத்துக்கூட்டலில் தேடுமாறு மீண்டும் அனுப்பியபோது மூன்று பதிப்புகள் கிடைத்தன. தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் நூற்பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

இதற்கு மறுதலையான இடர்ப்பாடும் உண்டு. ஒரு பெயரில் இரு நூல்கள் இருக்கும். முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களைப் பற்றி வண்ணக்களஞ்சியப் புலவரும் குத்புநாயகம் பாடினார்; சேகனாப் புலவரும் குத்புநாயகம் பாடினார். பதுறுத்தீன் புலவரின் முகைதீன் புராணம் மூன்றாவது. ஒன்றைப் பற்றிய கருத்தை மற்றொன்றன்மேல் ஏற்றி எழுதிய கட்டுரைகளை நான் கண்டதுண்டு. ஆனால் இக்குழப்பத்திலேயே ஒரு நல்ல ஆய்வு வினாவும் ஒளிந்திருக்கின்றது. ஒரே பெரியாரின் வரலாற்றை மூன்று புலவர்கள் பாடுங்கால், ஒருவர் விரித்ததை மற்றவர் சுருக்கியதும் விட்டதும் எதனால் என்பதே அது.

தம் பொருளை முன்பே ஒருவர் ஆராய்ந்துள்ளார் என்று அறிந்ததும் மாணவர் சிலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். தளர வேண்டுவதில்லை. அவ்வேட்டின் கடைசி இயலைப் படித்தால், மேலாய்விற்குரியவை என அவரே சிலவற்றைக் குறித்திருப்பார். அதனினும் பயனுள்ளது அவர்தம் அடிக்குறிப்புகளைச் சோதித்தல். ஆண்டோ ஆசிரியர் பெயரோ சான்றின்றி ஒரு நூலிலிருந்து மறு நூலுக்குக் கைமாறி வருவதை அங்கே காணலாம். அத்தகைய ஒரு செய்தியின் மூலத்தைத் தேடிச் செல்வது ஒரு முதுகலை ஆய்வேட்டிற்குப் போதுமான பணியாகும்.

ஒரு நூல், மூன்று மொழிகள்

எல்லையைக் குறுக்குதல் என்றவுடன் பார்வையையும் குறுக்கிக்கொள்ள வேண்டும் என்று எவரும் கருதவேண்டா. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றி 1572இல் மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்பெறும் ஆயிர மசலா, இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டதாகப் போற்றப்படுகின்றது. அப்துல்லா இப்னு சலாம் எனும் யூத அறிஞர் நபிகள் நாயகத்திடம் தொடுத்த வினாக்களும், பெற்ற விடைகளும், அவர் இஸ்லாத்தைத் தழுவியதும் அந்நூலின் பொருள். நம் மேடைகளில் அது 'முதல் நூல்' எனும் பெருமைக்காக எடுத்துரைக்கப்பட்டதே மிகுதி.

ரோனித் ரிச்சி எனும் ஆய்வாளர் இதே நூலைக் கையிலெடுத்தார். இவ்வினாவிடை வரலாறு தமிழில் மட்டுமன்றி ஜாவா மொழியிலும் மலாய் மொழியிலும் வழங்குவதைக் கண்டு, ஒரே கதை மூன்று மொழிகளுக்குச் சென்றபோது எவ்வெவ்வாறு உருமாறியது, மொழிபெயர்ப்பும் மதமாற்றமும் ஒன்றையொன்று எவ்வாறு தழுவி நடந்தன என்று வினவினார். சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக 2011இல் வெளிவந்த அவர்தம் நூல், தென்னாசியாவையும் தென்கிழக்காசியாவையும் இணைத்த ஓர் அரபுப் பண்பாட்டு வெளியைப் புலப்படுத்தியது. எடுத்துக்கொண்ட கதை ஒன்றே. அதன்வழி அவர் கண்டது இந்துமாக்கடலின் இரு கரைகள். நம் கையருகே இருந்த நூலை நாம் பெருமைக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தோம் என்பதை எண்ணும்போது எனக்குச் சிறிது நாணமாகவே இருக்கின்றது.

இங்கே சமுதாயப் பெரியோர் முன்னிலையில் பணிவோடு ஒன்று கூற விழைகிறேன். நம் இலக்கியத்தின்மேல் நமக்குள்ள பற்று ஆய்விற்குத் தூண்டுகோலாகலாம், முடிவாகிவிடலாகாது. எந்நூலை ஆராய்ந்தாலும் 'சமய நல்லிணக்கத்திற்கு இந்நூல் சான்று' என்றே முடியும் ஏடுகள் பெருகிவிட்டன. நல்லிணக்கம் உண்மையே. ஆனால் தொடங்குமுன்னரே தெரிந்திருந்த முடிவிற்காக மூன்றாண்டு உழைப்பது எதற்கு? சிலபோது ஆய்வில், நாம் விரும்பாத செய்தியும் வெளிப்படும். பெரும்புலவர் ஒருவரின் நூலில் முந்தையோர் சொல்லாட்சி மிகுதியாக இருப்பது தெரியவரலாம். நெடுநாள் நம்பிய ஆண்டுக் கணக்குப் பிழைபடலாம். அதனை எழுதத் துணியும் மாணவரைப் பெரியோர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இயலுமா எனும் வினா

சிறந்த வினாவும் அதற்குரிய கருவி கையில் இல்லாதவரிடம் பயன்படாது. அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழில், ஆராயப்படாத நூல்கள் மிகப் பலவாகும். தமிழ் ஒலிகளுக்கெனச் சேர்க்கப்பட்ட தனி எழுத்துகளையும் கற்றால்தான் அவற்றைப் படிக்க இயலும். மத்ரஸாவில் ஓதிய மாணவர்க்கு அது சில வாரப் பயிற்சி. பிறர்க்கு ஓராண்டு உழைப்பு. அவ்வோராண்டைத் தர ஆயத்தமாக உள்ளவர் தாராளமாக இறங்கலாம். பெண்கள் பாடும் திருமணப் பாடல்களையும் தாலாட்டுகளையும் தொகுக்க விரும்புவோர்க்கு எழுத்தறிவுச் சிக்கல் இல்லை. பாடத் தெரிந்த மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதே சிக்கல். இத்தகைய பொருளை 'பின்னர்ச் செய்யலாம்' எனத் தள்ளிப்போடல் ஆகாது.

பிற சமய மாணவர்கள் இத்துறைக்கு வரத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். சைவ மரபில் வளர்ந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியில் விளங்காத இடங்களுக்குப் பொருள் வேண்டிக் கும்பகோணத்துச் சைன அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். 1887இல் அந்நூல் அச்சேறியபோது அக்கேள்வியறிவு அதனுள் இருந்தது. நம் ஊர்களில் ஆலிம்களின் வீட்டுக் கதவுகளும் அவ்வாறே திறந்திருக்கின்றன. முஸ்லிம் மாணவர்க்குள்ள குறை வேறு. சமயச் செய்தி தெரிந்திருக்கும். யாப்பும் அணியும் காப்பிய மரபும் தெரியாமல் தடுமாறுவர். எவர்க்கும் ஒரு பக்கம் குறை இருக்கும். அஃது எப்பக்கம் என்பதைத் தலைப்பைப் பதிவு செய்யுமுன் அறிந்துகொண்டால் போதும்.

நெறியாளர் பற்றியும் ஒரு சொல். தமக்குத் தெரிந்த பொருளிலேயே எல்லா மாணவரும் உழைக்க வேண்டும் என்று எண்ணும் நெறியாளரும் உளர். எதைக் கொணர்ந்தாலும் தலையசைப்போரும் உளர். இருவரிடமும் மாணவர்க்குத் துணையாவது ஒரு பக்க வரைவு. என்ன வினா, எந்நூற்பகுதி, முன்னோர் என் சொல்லினர், எச்சான்று கிடைத்தால் என் கருத்து மாறும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு செல்லல் வேண்டும். பத்துப் பக்கம் எழுதுவது எளிது. ஒரு பக்கத்தில் அடங்காத வினா இன்னும் பழுக்கவில்லை.

பேழைக்குள் இருப்பவை

இதுகாறும் மாணவரை நோக்கிக் கூறினேன். இம்மலரைப் படிக்கும் பெரியோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நூலகப் பட்டியல்களில் காணப்படாத பழைய அச்சு நூல்கள் பல, கடற்கரை ஊர்களின் வீட்டுப் பேழைகளிலும், தர்காக்களின் அலமாரிகளிலும், பள்ளிவாசல் மேல்தளங்களிலும் இருக்கின்றன. கறையான் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வீடு இடித்துக் கட்டும்போது 'பழைய கிதாபுகள்' என அவை ஓரிடத்தில் குவிக்கப்படுகின்றன. மழைக்காலம் ஒன்று போதும். நூலைக் கொடுத்துவிடுமாறு எவரும் கேட்கவில்லை. மாணவர் ஒருவர் வந்தால் இருந்து பார்க்க இடமும், பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ள இசைவும் தந்தால் போதுமானது.

சென்ற ஆண்டு, எங்கள் மாணவி ஒருவர் தம் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்த இடத்தில், அவ்வீட்டுப் பெரியவர் மரப்பேழை ஒன்றைத் திறந்து காட்டியிருக்கின்றார். "எங்க பாட்டனார் ஓதின கிதாபும்மா, இது யாருக்கும் பிரயோசனப்படுமா?" என்று கேட்டாராம். மேலட்டை இல்லை, முகப்புத்தாள் பாதி அரிக்கப்பட்டிருந்தது. நூல் ஏற்கெனவே பலர் அறிந்த மாலை ஒன்றுதான். ஆனால் முன்பக்கங்களில் சாற்றுகவிகள் பதினொன்று இருந்தன. வழங்கியோர் பெயர்களுள் ஆலிம்களும் இருந்தனர்; கவிராயர்களும் முதலியார்களும் இருந்தனர். பின்வந்த பதிப்புகளில் இடம் மிச்சப்படுத்தவோ வேறெதற்கோ அச்சாற்றுகவிகள் நீக்கப்பட்டுள்ளன என்பதை அம்மாணவி மின்னூலகப் படிகளோடு ஒப்பிட்டு அறிந்தார்.

மறுவாரம் அவர் துறை அறைக்கு வந்தபோது தலைப்பு எதுவும் கேட்கவில்லை. கையில் ஒரு பக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இஸ்லாமியத் தமிழ் அச்சு நூல்களுக்குச் சாற்றுகவி வழங்கிய புலவர்கள் யார் யார், எவ்வெவ் ஊரினர், நூலாசிரியரோடும் அச்சிடப் பொருளுதவிய வணிகரோடும் அவர்களுக்கிருந்த தொடர்பு யாது, அக்கவிகள் பிற்பதிப்புகளில் எப்போது மறையத் தொடங்கின என்று அதில் எழுதியிருந்தார். கிடைத்துள்ள பதிப்புகள் ஏழு. இன்னும் எத்தனை பேழைகளைத் திறக்க வேண்டும் என்பது தெரியவில்லை என்றும் கீழே குறித்திருந்தார். இப்பருவத்தில் அவர் பதிவு செய்துள்ளார்.